வக்கீல் அக்கா பதில்கள்: ஒரு கைல ரிமோட், ஒரு கைல சட்டப் புத்தகம்

வழக்கமா இந்தப் பக்கத்துக்கு பட்டா, பாகப்பிரிவினை, செக் பவுன்ஸ்னு தான் கேள்வி வரும். இந்த தடவை கவரப் பிரிச்சா பாதிக்கு மேல சட்டக் கல்லூரிப் பசங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் தான் எழுதிருக்காங்க. எல்லாருக்கும் பிரச்னை ஒண்ணு தான், செமஸ்டர் பரீட்சை வந்துடுச்சு, டிவிய அணைக்க முடியல. சரி, பட்டாக்காரங்க ஒரு மாசம் பொறுத்துக்கங்க, அது எப்படியும் ஒரு மாசத்துல கெடைக்கப் போறதில்ல.

கேள்வி: அக்கா, நான் அஞ்சு வருஷ கோர்ஸ்ல கடைசி செமஸ்டர். பரீட்சைக்கு இன்னும் 18 நாள் தான் இருக்கு. போன அப்பாகிட்ட குடுத்துட்டேன், பெரிய தியாகம் பண்ணிட்டோம்னு நெனச்சா இப்ப ஹால்ல உக்காந்து தெனம் ஐபிஎல் பாக்குறேன். புக்க மடியில வெச்சுகிட்டு தான் பாக்குறேன், ஆனா மூணு நாளா அதே பக்கம் தான் தொறந்து கெடக்கு. ஒரு அரியர் வேற இருக்கு. உருப்படுவேனா? (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: உருப்படுவ தம்பி, கவலைய விடு. நம்ம ஊர்ல சட்டம் படிக்கிறவனுக்குன்னு ஒரு சாபம் இருக்கு. இரட்டைப்படை செமஸ்டர் பரீட்சை மே மாச வாக்குல வரும், அப்ப தான் ஐபிஎல் சூடு பிடிக்கும். ஒற்றைப்படை செமஸ்டர் டிசம்பர் பக்கம், அது பிக்பாஸ் வீட்டுக்குள்ள ஆளாளுக்கு சட்டையப் பிடிக்கிற நேரம். இத யாரோ பல்கலைக்கழகத்துல உக்காந்து பிளான் பண்ணி தான் வெக்கிறாங்கன்னு நாங்க படிக்கறப்பவே ஒரு பேச்சு உண்டு, அப்ப ஐபிஎல்லும் இல்ல பிக்பாஸும் இல்ல, இருந்தாலும் புலம்பறதுக்கு ஏதோ ஒரு கிரிக்கெட் இருந்துகிட்டே தான் இருந்துச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். ஏழரைக்கு டாஸ் எல்லாம் முடிஞ்சு மேட்ச் ஆரம்பிச்சா முடிய பதினொண்ணே கால் ஆகுது. தெனம் ஒண்ணுன்னு வெச்சா 18 நாளைக்கு 67 மணி நேரம். புது கிரிமினல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ்ல மொத்தம் 531 செக்ஷன், ஒரு செக்ஷனுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தாலும் 45 மணி நேரத்துல மொத்த புக்கும் முடிஞ்சு மீதி 22 மணி நேரத்துல பாதி அரியரையும் தேத்திடலாம். பயமுறுத்தணும்னு சொல்லல, நீயே பேப்பர்ல போட்டுப் பாரு.

ஆனா மேட்ச் பாக்குறத விட மோசமான விஷயம் ஒண்ணு நீ எழுதிருக்க, புக்க மடியில வெச்சுகிட்டு பாக்குறேன்னு. அது தான் உன்ன கெடுக்குது. மேட்சும் ஒழுங்கா பாக்கல, படிக்கவும் இல்ல, ஆனா ராத்திரி படுக்கறப்ப நாலு மணி நேரம் புக்கோட இருந்தோம்னு மனசு கணக்கு எழுதிக்கும். மறுநாள் காலைல டயர்டா இருக்கும், நெறைய படிச்சுட்டோம்னு ரெஸ்ட் எடுப்ப. நான் சொல்றேன், புக்க உள்ள ரூம்ல வெச்சுட்டு வந்து கைய வீசிகிட்டு உக்காந்து கடைசி அஞ்சு ஓவர மட்டும் பாரு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல. முப்பது பந்து. விக்கெட் விழுந்தா கத்து. முடிஞ்சதும் எழுந்து போய் படு.

இன்னொண்ணு யோசிச்சியா, உன்னால ஏன் மேட்ச விட முடியல ஆனா சட்டப் புத்தகத்த சுலபமா விட முடியுது? மேட்ச்ல இன்னும் எத்தன பந்து இருக்குன்னு ஸ்க்ரீன்லயே போட்டிருக்கான். சீரியல்னா அரை மணி நேரத்துல தொடரும்னு போட்டு முடிச்சுடுறான். சட்டத்துல அந்த மாதிரி யாரும் சொல்றதில்ல, கேசவானந்த பாரதி கேஸப் படின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அது 13 நீதிபதிங்க உக்காந்து 68 நாள் விசாரிச்ச கேஸ், 7க்கு 6னு தீர்ப்பு, பதினோரு தனித்தனி தீர்ப்பு எழுதிருக்காங்க, எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்துறதுன்னு எவனுக்குத் தெரியும். அதனால நீயே தொடரும் போட்டுக்க. பழைய கேள்வித்தாள எடு, ஒரு சம்பவத்தக் குடுத்து சட்டப்படி என்ன ஆகும்னு கேக்குற பிராப்ளம் கேள்வி ஒண்ணே ஒண்ணு, இருபது நிமிஷம், எழுதி முடி, மூடி வை. அப்புறம் அடுத்தது. ஒரு யூனிட் முடிக்கணும்னு உக்காந்தா முடியவே முடியாது, ஒரு கேள்வி முடிக்கணும்னு உக்காரு.

அரியர முதல்ல எழுதற மாதிரி வந்தா அத முதல்ல படி, கடைசில படிக்கலாம்னு தள்ளி வெக்காத. இத அனுபவத்துல சொல்றேன், என்ன அரியர்னு அடுத்த கேள்விக்கு பதில்ல வருது.

கேள்வி: மேடம், என் பொண்ணு லா நாலாவது வருஷம். எப்ப பாத்தாலும் லேப்டாப்ல கொரியன் சீரியல், இங்கிலீஷ் சீரியல், எல்லாமே கோர்ட்டு கதை. பரீட்சை நேரத்துல ஏம்மானு கேட்டா "இது படிப்பு தான்மா, கோர்ட்ல எப்படிப் பேசணும்னு கத்துக்குறேன்"ங்கறா. நான் பத்தாவது வரைக்கும் தான் படிச்சேன், எதிர்த்துப் பேச வரல. நெஜமாவே இதுல படிப்பு இருக்கா? (ஒரு அம்மா, திண்டுக்கல்)

பதில்: உங்க பொண்ணு நல்ல வக்கீலா வருவாம்மா, எதிராளி வாய அடைக்கிற வித்தை இப்பவே கைல இருக்கு. ஆனா சொல்றது தப்பு, அதுக்கு என் மார்க் ஷீட்டே சாட்சி.

2000-ல கிரிமினல் நடைமுறைச் சட்டம் பேப்பர். குற்றம் சாட்டப்பட்டவர கோர்ட் விசாரிக்கிறது பத்தி ஒரு பெரிய கேள்வி, பழைய சட்டத்துல 313. நான் அத படிக்கவே இல்ல, ஆனா படிக்காததே தெரியாத அளவுக்கு நல்லா தெரியும்னு நெனச்சேன், ஏன்னா சினிமாவுலயும் டிவிலயும் அந்த சீன எத்தன தடவை பாத்திருப்போம். ஆள கூண்டுல நிக்க வெச்சு சத்தியம் வாங்கி, அரசு வக்கீல் கருப்பு கவுன பறக்க விட்டுகிட்டு கிட்டக்க வந்து குறுக்கு விசாரணை பண்ணுவார், அவன் வேர்த்து விறுவிறுத்து உண்மைய கக்குவான். இத மூணு பக்கம் அழகா எழுதினேன். ஒண்ணு கூட சரியில்ல. அங்க கேள்வி கேக்குறது நீதிபதி. சத்தியப் பிரமாணமே கெடையாது. பதில் சொல்லாம நின்னாலும் பொய்யே சொன்னாலும் அதுக்காக அவனுக்கு தண்டனை குடுக்க முடியாது. இதெல்லாம் இப்பவும் அப்படியே இருக்கு, நம்பர் மட்டும் பிஎன்எஸ்எஸ் 351ன்னு மாறிருக்கு. நாலு மார்க்ல அந்த பேப்பர் போச்சு.

கோர்ட்டுக்கு தெனம் போற எனக்கு இந்த சீரியல் எல்லாம் பாத்தா சிரிப்பு தான் வரும். நம்ம ஊர் நீதிபதி மேஜைல மரச் சுத்தியல் கெடையாது, ஒருத்தர் கூட ஆர்டர் ஆர்டர்னு அடிச்சு நான் பாத்ததில்ல, சத்தம் வந்தா தலைய நிமிர்த்திப் பாப்பார், இல்ல டவாலி ஒரு அதட்டு போடுவார். கீதை மேல கை வெச்சு சத்தியமும் கெடையாது. 1969 சத்தியப் பிரமாணச் சட்டத்துல வாசகம் இருக்கு, கடவுள் பேரச் சொல்லியும் சொல்லலாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க உறுதிமொழியாவும் சொல்லலாம், அத கோர்ட்ல ஒரே மூச்சுல படபடன்னு சொல்லிக் குடுப்பாங்க, சாட்சி பாதிய முழுங்கிட்டு மீதிய திருப்பிச் சொல்லுவார். கடைசி நிமிஷத்துல கதவத் தொறந்துகிட்டு ஒரு ஆள் ஓடி வந்து நிறுத்துங்கன்னு கத்துனா அவர முதல்ல போலீஸ்காரர் வெளிய கூட்டிட்டுப் போயிடுவார், புது சாட்சிய விசாரிக்கணும்னா மனு போடணும், எதிர்த்தரப்பு ஆட்சேபணை சொல்லும், அதுக்கு ஒரு வாய்தா, உத்தரவுக்கு ஒரு வாய்தா. இத எவன் சீரியலா எடுப்பான்? எடுத்தா எவன் பாப்பான்?

இங்கிலீஷ் சீரியல்ல குற்றவாளியா இல்லையான்னு சொல்ல ஜூரின்னு பொதுமக்கள் பன்னெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. நம்ம ஊர்ல அந்த முறை போயி ரொம்ப காலமாச்சு. 1959-ல பம்பாய்ல கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியோட பழகின ஆள சுட்ட கேஸ்ல ஜூரி 8க்கு 1னு குற்றவாளி இல்லன்னு சொல்லிடுச்சு, ஹைகோர்ட் அத ஏத்துக்காம ஆயுள் தண்டனை குடுத்துச்சு, சுப்ரீம் கோர்ட் 1961-ல அதயே உறுதி பண்ணுச்சு. அதுக்கப்புறம் 1973-ல வந்த நடைமுறைச் சட்டத்துல ஜூரிங்கற பேச்சே இல்ல. (பார்சிக்காரங்க விவாகரத்து வழக்குல மட்டும் டெலிகேட்ஸ்னு ஜூரி மாதிரி ஒண்ணு இருக்கு, வைவாவுல கேட்டா சொல்லச் சொல்லுங்க.) கொரியாவுலயும் 2008-ல இருந்து ஜூரி இருக்கு, ஆனா அவங்க சொல்றது நீதிபதிய கட்டுப்படுத்தாது, அது உங்க பொண்ணுக்குத் தெரியுமான்னு கேளுங்க, தெரிஞ்சா உண்மையிலயே கவனிச்சு தான் பாக்குறா. அப்புறம் கைது பண்றப்ப "நீ பேசாம இருக்க உரிமை இருக்கு"ன்னு சொல்றது அமெரிக்கால 1966 மிராண்டா கேஸ்ல இருந்து வந்தது. நம்ம பசங்க விடைத்தாள்ல மிராண்டா மிராண்டான்னு எழுதுறாங்களாம், திருத்துற ஒரு ஃபிரெண்ட் தலைல அடிச்சுகிட்டார். நமக்கு அரசியலமைப்புல தனக்கெதிரா தானே சாட்சி சொல்ல கட்டாயப்படுத்தக் கூடாதுங்கற 20(3) இருக்கு, கைதானவர் உரிமைக்கு 22 இருக்கு, கைது பண்றப்ப போலீஸ் எப்படி நடந்துக்கணும்னு சொன்ன டி.கே. பாசு வழக்கு இருக்கு. அத எழுதுனா மார்க்.

ஒரு வழி சொல்றேன். பாக்க வேணாம்னு சொல்லாதீங்க, சண்டை தான் வரும். ஒரு எபிசோடு பாத்தா அதுல நம்ம சட்டப்படி நடக்க முடியாதது அஞ்ச செக்ஷன் நம்பரோட உங்ககிட்ட வந்து சொல்லணும்னு வைங்க. நீங்க பத்தாவது வரைக்கும் தான்னு எழுதிருக்கீங்க, அது ரொம்ப நல்லது, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா அவளுக்கு முதல்ல புரியணும். ரெண்டு நாள்ல ஒண்ணு அந்த சீரியலே போரடிச்சுடும், இல்ல நடைமுறைச் சட்டம் பாதி முடிஞ்சுடும்.

கேள்வி: அக்கா, மூணு வருஷ எல்எல்பி, ரெண்டாவது வருஷம். வீட்ல ஓடுற சீரியல்ல இன்னும் 302-ல உள்ள தள்ளிடுவேன், அவன் 420ன்னே வசனம் பேசுறாங்க. நியூஸ்ல 144 தடை உத்தரவுங்கறாங்க. காதுல அதே விழுந்து விழுந்து பரீட்சைல பழைய நம்பரே கைல வருது. என்ன பண்ண? (வேலூர்)

பதில்: இது உன் பிரச்னை மட்டும் இல்லம்மா, இருபது வருஷம் பிராக்டீஸ் பண்ணவங்களுக்கே நாக்கு பழைய நம்பர்ல தான் போகுது, எங்க பார்ல தெனம் ஒருத்தராவது மாத்திச் சொல்லி நீதிபதிகிட்ட வாங்கிக் கட்டிக்கிறார்.

2024 ஜூலை 1-ல இருந்து புது சட்டம். ஐபிசிங்கற பழைய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா பிஎன்எஸ் வந்திருக்கு, கொலைக்கு தண்டனை இப்ப அதுல 103. புது சட்டத்துல 302ன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது வேணும்னே அடுத்தவங்க மத உணர்வப் புண்படுத்துற மாதிரி பேசுறது. ஆக வில்லன் "302-ல உள்ள தள்ளிடுவேன்"னா சாமியப் பத்தி தப்பா பேசினதுக்கு கேஸ் போடுறேன்னு அர்த்தம், ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. 420 சுத்தமா இல்ல, சட்டமே 358-ல முடிஞ்சுடுது, ஏமாத்துறது இப்ப 318(4). இருக்குறதுலயே எனக்குப் பிடிச்சது 144. தடை உத்தரவு பிஎன்எஸ்எஸ்ல 163க்கு போயிடுச்சு, 144ங்கற நம்பர் இப்ப யாருக்கு வந்திருக்கு தெரியுமா, பொண்டாட்டி பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கு ஜீவனாம்சம், பழைய 125. நியூஸ்ல ஊர் பூரா 144ன்னு சொன்னா ஊர் பூரா ஜீவனாம்சம்னு சிரிச்சுக்க, ஒரு தடவ சிரிச்சா அந்த நம்பர் ஜென்மத்துக்கும் மறக்காது.

டிவில தப்பா வர்றப்பல்லாம் சரியான நம்பர சத்தமா திருப்பிச் சொல்லு. வீட்ல லூசுன்னு நெனப்பாங்க, பரவால்ல. அப்புறம் பழைய நம்பர ஒரேயடியா மறந்துடாத, 2024 ஜூன் 30 வரைக்கும் நடந்த குற்றத்துக்கு இன்னும் ஐபிசி தான். பிராப்ளம் கேள்வில தேதி குடுத்திருந்தா மொதல்ல அதப் பாரு. அந்த தேதிலயே கொக்கி வெச்சிருப்பாங்க.

கேள்வி: கேபிள் கனெக்ஷன பரீட்சை முடியற வரைக்கும் கட் பண்ணிடலாம்னு இருக்கேன், பையன் லா மூணாவது வருஷம். சரிதானே மேடம்? (ஒரு அப்பா, திருநெல்வேலி)

பதில்: இருபது வயசுப் பையன் சார். கேபிள கட் பண்ணா போன்ல பாப்பான், போனப் பிடுங்குனா ஃபிரெண்டு ரூமுக்குப் போவான், அங்க டிவியோட இன்னும் நாலு விஷயம் இருக்கும். வீட்ல இருக்குற டிவில ஒரு நல்லது, நீங்களும் பக்கத்துல உக்காந்திருக்கீங்க, பதினொரு மணிக்கு நீங்க கொட்டாவி விட்டா அவனும் எழுந்திருப்பான்.

கேள்வி: சுப்ரீம் கோர்ட் விசாரணைய நேரலைல பாக்குறேன். இதுவும் டிவி பாக்குறதுல சேத்தியா, படிப்புல சேத்தியா? (மதுரை)

பதில்: நல்ல கேள்வி, ஏன்னா நீ அத பாக்க முடியறதுக்கு காரணமானவங்கள்ல ஒருத்தர் அப்ப உன்ன மாதிரி ஒரு சட்ட மாணவர். ஸ்வப்னில் திரிபாதி வழக்குல 2018-ல சுப்ரீம் கோர்ட் நேரலை பண்ணலாம்னு சொல்லுச்சு, அரசியல் சாசன அமர்வு விசாரணைங்க 2022 செப்டம்பர்ல இருந்து ஒளிபரப்பாகுது. வெளிச்சம் தான் சிறந்த கிருமிநாசினிங்கற மாதிரி வாதம் எல்லாம் அந்தத் தீர்ப்புல வரும், படிச்சுப் பாரு.

எதுல சேத்தின்னா, லீவுல படிப்பு, பரீட்சைக்கு முன்னாடி டிவி. ஒரு சீனியர் கவுன்சல் காலைல பத்தரைக்கு எழுந்தா ஒரு பாயிண்ட முடிக்க மதிய சாப்பாடு ஆயிடும், அத உக்காந்து பாத்தா உனக்கு ரெண்டு மார்க் தேறாது. அதுக்கு பதிலா டிவி சம்பந்தமாவே பரீட்சைல கேக்குற கேஸ் மூணு சொல்றேன், 19(1)(அ) பேச்சுரிமைக்கு கீழ வரும். 1988-ல தமஸ் சீரியல தூர்தர்ஷன்ல காட்டக் கூடாது, மதக் கலவரம் வந்துடும்னு ரமேஷ் எதிர் மத்திய அரசுன்னு கேஸ் போனப்ப கோர்ட் தடை குடுக்கல, காட்டுறது பலவீனமான மனசுக்காரன் எப்படி எடுத்துக்குவான்னு அளக்கக் கூடாது, சாதாரண அறிவுள்ளவன் கண்ணால பாக்கணும்னு சொல்லுச்சு. அடுத்த வருஷமே நம்ம ஊர்ப் படம் ஒண்ண வெச்சு ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம், வெடிமருந்துப் பீப்பாய்ல தீப்பொறி மாதிரி நேரடி ஆபத்து இருந்தா தான் பேச்ச தடுக்கலாம்னு வந்துச்சு. மூணாவது 1995, பெங்கால் கிரிக்கெட் சங்கம் வழக்கு. ஹீரோ கப் மேட்ச யார் ஒளிபரப்புறதுன்னு தூர்தர்ஷனோட சண்டை, அதுல இருந்து தான் அலைவரிசை பொதுச் சொத்துன்னு தீர்ப்பு வந்துச்சு. சேலம் தம்பி இத கவனி, ஐபிஎல் பாக்குற நேரத்துல ஒரு பத்து நிமிஷம் இந்தக் கேஸுக்கு குடு, கிரிக்கெட்டும் ஆச்சு பேப்பரும் ஆச்சு.

கேள்வி: அக்கா, எங்க வீட்ல ஒரே ஹால், அதுல தான் டிவி, அதுல தான் நானும் படிக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டா ராத்திரி பத்தரை வரைக்கும் வரிசையா சீரியல். ஆயாவுக்கு காது சரியா கேக்காது, அதனால சவுண்டு தெரு முனை வரைக்கும் போகும். பகல் பூரா தனியா கெடக்குற மனுஷி, அணைக்கச் சொல்ல மனசு வரல. நான் மூணாவது வருஷம், கான்ட்ராக்டும் டார்ட்ஸும் (அடுத்தவங்க கவனக்குறைவு மாதிரி தப்பால வந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கேக்குற சட்டம்) எழுதணும், ஒரு வரி ஏறல. (மாணவி, செங்கல்பட்டு பக்கம்)

பதில்: அணைக்கச் சொல்ல மனசு வரலன்னு எழுதின பாரு கண்ணு, அந்த ஒரு வரிக்காகவே உனக்கு நெறைய எழுதப் போறேன்.

நான் பல்லாவரத்துல சித்தி வீட்ல தங்கி தான் படிச்சேன். காலைல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கோட்டை ஸ்டேஷன்ல எறங்கி ஹைகோர்ட் பக்கத்துல சட்டக் கல்லூரி இருந்த அந்த செவப்புக் கட்டடத்துக்கு நடப்போம், இப்ப காலேஜ் அங்க இல்ல, 2018-ல புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாத்திட்டாங்க. சாயங்காலம் வீடு வந்தா ஒரே ரூம், ஒரு சமையக்கட்டு. டிவி எங்க இருக்குன்னா அரிசி டின் மேல. சித்தி அதுக்கு எதிர்ல முறத்துல முருங்கக்கீரைய வெச்சுகிட்டு உருவ ஆரம்பிப்பாங்க, கண்ணு ஸ்க்ரீன்ல, வெரல் மட்டும் தானா போகும், ஒரு காம்பு கூட கீரைல விழாது. நான் சுவத்துப் பக்கம் திரும்பி காதுல பஞ்சு வெச்சுகிட்டு படிப்பேன். பஞ்சு வெச்சா டைட்டில் பாட்டு இன்னும் நல்லா கேக்கும்ங்கறது அப்ப தான் தெரிஞ்சுது.

சத்தத்துல படிக்க முடியாது, ஆனா எழுத முடியும். இத நான் கண்டுபிடிக்க மூணு செமஸ்டர் ஆச்சு, நீ இன்னிக்கே எடுத்துக்க. புது விஷயம் தலைல ஏத்துறதுக்கு அமைதி வேணும், ஏற்கனவே ஏறினத கையால எறக்குறதுக்கு அவ்ளோ வேணாம். அதனால சாயங்காலம் ஆறுல இருந்து பத்து பழைய கேள்வித்தாள் எழுதிப் பாக்குற நேரம். அப்புறம் படுத்துடு, நாலு மணிக்கு எழுந்திரு, அப்ப ஆயாவும் தூங்குவாங்க டிவியும் தூங்கும், மூணு மணி நேரம் முழுசா உனக்கு.

இப்ப முக்கியமான விஷயம். ஒரு நாள் கரண்ட் போச்சு. சீரியல்ல ஒரு முக்கியமான எடம், யாரோ யாருக்கோ விஷம் கலந்த பால எடுத்துட்டுப் போறா, அப்படியே இருட்டு. சித்திக்கு தாங்கல. "நீ என்னமோ தெனம் படிக்கிறியே, அதுல ஏதாச்சும் கத இருந்தா சொல்லு"ன்னாங்க. டார்ட்ஸ் எனக்கு அன்னிக்கு தான் ஆரம்பிச்சிருந்துச்சு, டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். சொன்னேன். ஸ்காட்லாந்துல ஒரு ஏழைப் பொம்பள, 1928, ஃபிரெண்டோட ஒரு கடைக்குப் போறா, ஃபிரெண்டு இவளுக்கு ஐஸ்கிரீமும் ஒரு பாட்டில் இஞ்சி சோடாவும் வாங்கித் தரா, பாட்டில் கலர் கண்ணாடி, உள்ள இருக்கறது தெரியாது. பாதி குடிச்சுட்டு மீதிய ஊத்துனா உள்ள இருந்து அழுகின நத்தை விழுது.

சித்தி கீரைய கீழ வெச்சுட்டாங்க. அய்யய்யன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு, அப்புறம் கேட்டாங்க, "ஃபிரெண்டு தானே காசு குடுத்தா, அப்ப இவ எப்படி கடைக்காரன கேக்க முடியும்?"

எங்க லெக்சரர் முக்கா மணி நேரம் போர்டுல கோடு கோடா போட்டு விளக்கினது அந்த ஒரு கேள்வி தான். ஒப்பந்தம் போட்டது ஒருத்தி, பாதிக்கப்பட்டது இன்னொருத்தி, அப்ப எந்த உரிமைல வழக்கு? சித்தி அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, ஏன்னா அதுக்கு மேல நான் படிக்கல. கரண்ட் வந்துடுச்சு, பால குடிச்சுட்டாளா இல்லையான்னு அவங்க திரும்பிட்டாங்க, தப்பிச்சேன்னு நெனச்சேன். மறுநாள் சாயங்காலம் ட்ரெயின்ல இருந்து எறங்கி வேர்த்துப் போய் உள்ள வரேன், செருப்பு கூட கழட்டல, "ஏண்டி, அந்த நத்தைக்காரிக்கு என்ன ஆச்சு?"ங்கறாங்க. அன்னிக்கு விளம்பர இடைவேளைக்குள்ள படிச்சு முடிச்சேன். 1932-ல பிரிட்டன்ல அப்ப உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபைல 3க்கு 2னு அவ பக்கம், கடைக்காரன் மேல இல்ல, சோடா தயாரிச்சவன் மேல, தன் பொருள கடைசியா யார் குடிப்பாங்களோ அவங்க மேல அவனுக்கு கவனமா இருக்க கடமை இருக்குன்னு.

அதுக்கப்புறம் தெனம் ஒரு விளம்பர இடைவேளைல ஒரு கேஸ். பால்ஃபர் எதிர் பால்ஃபர் சொன்னப்ப பெரிய ரகளை. புருஷன் சிலோன்ல வேலைக்குப் போறான், உடம்பு சரியில்லாத பொண்டாட்டிய இங்கிலாந்துல விட்டுட்டு மாசம் 30 பவுண்டு அனுப்புறேங்கறான், அப்புறம் அனுப்பல, 1919-ல கோர்ட் அது குடும்பத்துக்குள்ள பேசிக்கிட்டது, ஒப்பந்தம் இல்லன்னுடுச்சு. சித்தி அந்த நீதிபதிங்கள தமிழ்ல திட்டினத இங்க எழுத முடியாது. ரொம்ப பிடிச்சது நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் கேஸ், 1882, சின்னய்யா எதிர் ராமய்யா. வயசான அம்மா சொத்த மகளுக்கு எழுதி வெக்கிறாங்க, தன் கூடப் பொறந்தவங்களுக்கு வருஷா வருஷம் பணம் குடுத்துகிட்டு வரணும்னு கண்டிஷன், மகளும் எழுதிக் குடுத்துட்டு பின்னால நீங்க எனக்கு என்ன குடுத்தீங்க உங்களுக்கு நான் ஏன் குடுக்கணும்னு கைய விரிச்சுட்டா. கோர்ட் விடல, பிரதிபலன், அதாவது வாக்குக்கு பதிலா கெடைக்கிறது, வேற யார்கிட்ட இருந்து வந்தாலும் போதும், குடுத்த வாக்க காப்பாத்துன்னுடுச்சு. "இது அப்படியே எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் வீட்டுக் கத"ன்னாங்க சித்தி. அந்த செமஸ்டர் கான்ட்ராக்ட் பேப்பர்ல எனக்கு 71.

ஆயாகிட்ட ஒரு விளம்பர இடைவேளை மட்டும் கேட்டு வாங்கிக்க. நத்தைல ஆரம்பி, எல்லாருக்கும் பிடிக்கும். முடிவ மட்டும் அன்னிக்கே சொல்லிடாத. காது கேக்காதுன்னு எழுதிருக்க, அதனால கத்தித் தான் சொல்ல வேண்டிருக்கும், ரெண்டு வீடு தள்ளி இருக்கறவங்களும் நத்தைக்காரிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு வந்தா எனக்கு எழுது.